சைக்கிள் பயணத்துக்கு ஒரு ஒர்க்ஷீட்: தஞ்சை - திருவையாறு - பாபநாசம் 66 கி.மீ.

நாள் முழுக்க மானிட்டர் முன் உட்கார்ந்திருக்கும் நம்மில் பலர், மாடிப்படிக்கு அடியில் கிடந்த சைக்கிளைத் துடைத்து மறுபடி ஓட்ட ஆரம்பித்திருக்கிறோம். காலையில் ஊருக்குள் 10 கி.மீ. பழகிவிட்டால் அடுத்த ஆசை வந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை 60 கி.மீ. போய்விட்டு வந்தால் என்ன? நான்கைந்து ஊர், நடுவே வயல், வழியில் டிபன், மதியத்துக்குள் வீடு.

இதற்குக் கம்ப்யூட்டர் நன்றாக உதவும். ஆனால் பெரும்பாலோர் மேப்பில் இரண்டு ஊர்ப் பெயரை டைப் செய்து, வந்த கோட்டைப் பார்த்துக் கிளம்பி விடுகிறார்கள். மேப் சாப்ட்வேர் "எந்த வழி சீக்கிரம்?" என்ற கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது. சைக்கிளில் போகிறவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "எத்தனை மணிக்கு எந்த இடத்தில் இருப்பேன்?" வெயில், காற்று, தண்ணீர், பஸ் போக்குவரத்து எல்லாமே இந்த இரண்டாவது கேள்வியோடுதான் சம்பந்தப்பட்டவை. இதற்கான பதிலை எக்செல் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க் ஒர்க்ஷீட்டில் நாமே பத்து நிமிடத்தில் தயாரித்துவிடலாம். அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

உதாரணத்துக்கு ஒரு நிஜமான பாதையை எடுத்துக்கொள்வோம். தஞ்சாவூரில் கிளம்பி திருவையாறு, கணபதி அக்ரஹாரம், கபிஸ்தலம், பாபநாசம், திருக்கருகாவூர், மெலட்டூர் வழியாகத் திரும்பவும் தஞ்சாவூர். காவிரி டெல்டா என்பதால் ஏற்றம் இறக்கம் கிடையாது. கியர் இல்லாத சைக்கிளிலும் போகலாம். உங்கள் ஊர் வேறாக இருந்தால் ஊர்ப் பெயர்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். முறை ஒன்றுதான்.

படி 1: பாதையை வரையுங்கள்

கூகுள் மேப்ஸில் உள்ள டூ-வீலர் வசதி 2017 டிசம்பரில் இந்தியாவில் அறிமுகமானது. அது மோட்டார் சைக்கிளுக்கானது. அது காட்டும் நேரம் சைக்கிளுக்குப் பொருந்தாது. அது தேர்ந்தெடுக்கும் சாலையும் நமக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பதில்லை.

இதற்குப் பதிலாக பிரவுசரில் 'பிரௌட்டர் வெப்' என்ற இலவசத் தளத்தைத் திறங்கள். இது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தைப் பயன்படுத்துகிறது. 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், விக்கிபீடியா போலத் தன்னார்வலர்களே வரைந்து வரும் உலக வரைபடம். பிரௌட்டரில் சைக்கிளுக்கெனத் தனித்தனி புரொபைல்கள் இருக்கின்றன. 'ட்ரெக்கிங் பைக்' என்பதைத் தேர்வு செய்யுங்கள். பிறகு பேனா போன்ற ஐகானை கிளிக் செய்து, தஞ்சாவூரில் ஆரம்பித்து ஒவ்வோர் ஊரிலும் ஒரு கிளிக் செய்துகொண்டே போனால் பாதை தானாக இணையும்.

இங்கே ஒரு விஷயம் முக்கியம். தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் கொடுத்து நடுவில் உள்ளதை சாப்ட்வேரிடம் விட்டுவிடாதீர்கள். டெல்டாவில் ஆற்றங்கரை, வாய்க்கால்கரை மேலெல்லாம் பாதைகள் ஓடுகின்றன. வரைபடத்தில் அவையும் கோடுகள்தான். எது தார்ச்சாலை, எது மண்பாதை என்ற விவரத்தை யாராவது பதிந்திருந்தால்தான் சாப்ட்வேருக்குத் தெரியும். கிராமப்புறங்களில் பல கோடுகளுக்கு இந்த விவரம் பதியப்படவில்லை. இரண்டு கி.மீ. மிச்சம் என்று வாய்க்கால்கரைப் பாதையில் நுழைந்தால், மழை பெய்த மறுநாள் களிமண் டயருக்கும் மட்கார்டுக்கும் இடையில் அடைத்துக்கொண்டு சக்கரமே சுற்றாது. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

எனவே வரைந்த பாதையை ஒருமுறை சாட்டிலைட் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தார்ச்சாலை சாம்பல் நிறத்தில், ஒரே அகலத்தில் தெரியும். மண்பாதை பழுப்பாக, விட்டுவிட்டுத் தெரியும். சந்தேகமான இடத்தில் நல்ல சாலையின் மேல் கூடுதலாக ஒரு புள்ளி வைத்தால் பாதை அங்கே இழுபட்டு வந்துவிடும்.

படி 2: ஏற்றக் கணக்கை அப்படியே நம்பாதீர்கள்

பாதை முடிந்ததும் மொத்த தூரத்துடன், எத்தனை மீட்டர் ஏற்றம் என்ற கணக்கும் கிடைக்கும். வெவ்வேறு தளங்களில் ஒரே பாதையைப் போட்டால் ஏற்றக் கணக்கு மட்டும் வெவ்வேறாக வருவதைக் கவனிக்கலாம். ஒன்றில் 40 மீட்டர், இன்னொன்றில் 200 மீட்டர் என்றுகூட வரலாம். ஏன்?

இத்தகைய தளங்கள் பலவற்றில் உயரத் தகவலுக்கு அடிப்படை, 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் 11 நாட்கள் ரேடார் மூலம் எடுத்த அளவீடு. ரேடார் தரையை மட்டும் அளக்கவில்லை. தென்னந்தோப்பு இருந்தால் மரங்களின் உயரமும் அதில் கலந்துவிடும். ஒவ்வொரு புள்ளியிலும் சில மீட்டர் பிழையும் உண்டு. மலைப்பாதையில் இது பெரிதில்லை. சமதரையில், இந்தச் சில மீட்டர் மேலும் கீழுமான ஆட்டத்தை சாப்ட்வேர் "ஏற்றம்" என்று எண்ணிக் கூட்டிக்கொண்டே போகும். சில தளங்கள் சிறிய ஆட்டங்களை வடிகட்டிவிட்டுக் கூட்டும், சில அப்படியே கூட்டும். வித்தியாசம் அதனால்தான்.

உண்மை நிலை என்ன? கடல் மட்டத்திலிருந்து தஞ்சாவூர் 50 மீட்டருக்கு மேல். 40 கி.மீ. தள்ளியிருக்கும் கும்பகோணம் சுமார் 25 மீட்டர். சைக்கிள் மிதிப்பவருக்கு இந்தச் சரிவு தெரியவே தெரியாது. பாலங்களின் ஏற்றம் மட்டும்தான் தெரியும். ஆகவே இந்தப் பாதையில் ஏற்றக் கணக்கை ஒதுக்கிவிடலாம். ஏற்காடு, கொல்லிமலை போகிறவர்கள் ஒதுக்கக் கூடாது.

படி 3: ஒர்க்ஷீட் தயாரிப்போம்

இப்போது எக்செல் திறங்கள். முதல் வரிசையில் தலைப்புகள்: ஏ - இடம், பி - கி.மீ. (முந்தைய இடத்திலிருந்து), சி - பயண நேரம், டி - சேரும் நேரம், ஈ - நிற்கும் நிமிடம், எஃப் - கிளம்பும் நேரம், ஜி - குறிப்பு. தனியாக எச்1 செல்லில் உங்கள் வேகத்தை டைப் செய்யுங்கள். இங்கே 15 (மணிக்கு 15 கி.மீ.) என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாவது வரிசையில் தஞ்சாவூர். எஃப்2 செல்லில் 6:30 என்று கொடுங்கள். மூன்றாவது வரிசையிலிருந்து மற்ற ஊர்கள். பின்வரும் தூரங்கள் சுமாரானவை. நீங்கள் வரையும் பாதையில் வரும் தூரத்தையே பயன்படுத்துங்கள்.

திருவையாறு - 12 கி.மீ., நிற்பது 30 நிமிடம்
கணபதி அக்ரஹாரம் - 11 கி.மீ., 10 நிமிடம்
கபிஸ்தலம் - 11 கி.மீ., நிற்பதில்லை
பாபநாசம் - 3 கி.மீ., 20 நிமிடம்
திருக்கருகாவூர் - 6 கி.மீ., 10 நிமிடம்
மெலட்டூர் வழியாக தஞ்சாவூர் - 23 கி.மீ.

இனி பார்முலாக்கள். (செல் பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் டைப் செய்ய வேண்டும்.)

சி3 செல்லில்: =பி3/$எச்$1/24
டி3 செல்லில்: =எஃப்2+சி3
எஃப்3 செல்லில்: =டி3+ஈ3/1440

முதல் பார்முலாவில் 24 எதற்கு? எக்செல் ஒரு முழு நாளை 1 என்று வைத்துக்கொள்கிறது. காலை 6 மணி என்றால் 0.25, பகல் 12 மணி என்றால் 0.5. தூரத்தை வேகத்தால் வகுத்தால் வருவது மணிக்கணக்கு. அதை நாள்கணக்காக்க 24-ஆல் வகுக்கிறோம். அதேபோல் ஒரு நாளுக்கு 1440 நிமிடம் என்பதால் நிமிடத்தை 1440-ஆல் வகுக்கிறோம். இதை விட்டுவிட்டால் எக்செல் 0.8 மணி நேரத்தை 0.8 நாளாக எடுத்துக்கொண்டு, திருவையாற்றுக்கு நள்ளிரவுக்கு மேல் போய்ச் சேருவதாகக் காட்டும்!

டாலர் குறி எதற்கு? பார்முலாவைக் கீழே இழுத்து காப்பி செய்யும்போது பி3 என்பது பி4, பி5 என்று மாறும். ஆனால் வேகம் எப்போதும் எச்1 செல்லிலேயே இருக்கிறது. அது மாறாமல் இருக்கத்தான் டாலர் குறி.

மூன்று பார்முலாக்களையும் எட்டாவது வரிசை வரை இழுத்துவிடுங்கள். சி, டி, எஃப் காலங்களைத் தேர்வு செய்து ரைட் கிளிக் செய்து, 'பார்மட் செல்ஸ்' சென்று 'டைம்' என்பதைக் கொடுங்கள். இப்போது அட்டவணை தயார்:

திருவையாறு சேருவது 7.18, கிளம்புவது 7.48
கணபதி அக்ரஹாரம் 8.32, 8.42
கபிஸ்தலம் 9.26
பாபநாசம் 9.38, 9.58
திருக்கருகாவூர் 10.22, 10.32
தஞ்சாவூர் 12.04

படி 4: எண்களை மாற்றிப் பாருங்கள்

அட்டவணையின் உண்மையான பயன் இனிமேல்தான். எச்1 செல்லில் 15-ஐ அழித்து 12 போடுங்கள். தஞ்சாவூர் சேரும் நேரம் 1.10 என்று மாறும். ஜனவரியில் இது பரவாயில்லை. மே மாதத்தில் ஒரு மணி வெயிலில், நிழல் குறைவான வயல்வெளிச் சாலையில் கடைசி 23 கி.மீ. மிதிப்பது ஆபத்து. வெயில் காலத்தில் போவதென்றால் கிளம்பும் நேரத்தை 5:30 ஆக்க வேண்டும், அல்லது பயணத்தை திருவையாற்றோடு முடித்துத் திரும்ப வேண்டும். இதை வீட்டில் உட்கார்ந்து தெரிந்துகொள்வதற்கும், 12 மணிக்கு மெலட்டூரில் தண்ணீர் பாட்டில் காலியான பிறகு தெரிந்துகொள்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஊருக்குள் பத்து நிமிடம் ஓட்டிய வேகத்தைப் போடாதீர்கள். ஒரு மணி நேரம் நிற்காமல் ஓட்டிப் பார்த்து, அதில் கிடைத்த தூரத்தைப் போடுங்கள். குழுவாகப் போனால் மிக மெதுவாக ஓட்டுகிறவரின் வேகம்தான் குழுவின் வேகம். வீட்டுப் பிள்ளைகள் உடன் வந்தால் அவர்கள் வேகம்.

அடுத்து, பாபநாசத்திலிருந்து திரும்பும் வழி. மேப் காட்டுவது அய்யம்பேட்டை வழியாகச் செல்லும் கும்பகோணம் - தஞ்சை சாலை, சுமார் 25 கி.மீ. நமது பாதை திருக்கருகாவூர், மெலட்டூர், திட்டை வழியாக சுமார் 29 கி.மீ. நான்கு கி.மீ. அதிகம் என்பதால் எந்த சாப்ட்வேரும் நேர் சாலையைத்தான் முதலில் காட்டும். அட்டவணையில் போட்டால் நேர் சாலையில் 11.38-க்கும், சுற்றுப் பாதையில் 12.04-க்கும் வீடு சேருகிறோம். வித்தியாசம் 26 நிமிடம். அதில் 10 நிமிடம் திருக்கருகாவூரில் நிற்பது. மிதிப்பது வெறும் 16 நிமிடம்தான் கூடுதல். அந்த 16 நிமிடத்துக்குப் பதிலாக, முதுகுக்குப் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு வரும் பஸ்களிடமிருந்து ஒன்றரை மணி நேரம் விடுதலை. இதில் எது லாபம் என்று நீங்களே முடிவு செய்யலாம். வித்தியாசம் நிமிடக் கணக்கில் கண்முன் இருந்தால்தான் இப்படி முடிவு எடுக்க முடியும்.

படி 5: காற்றையும் மாதத்தையும் பாருங்கள்

சமதரையில் சைக்கிளுக்கு மலை என்பது காற்றுதான். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கமாகக் கூடும். அமைதியான நாளில் 15 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள். எதிரே 15 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால், உங்கள் உடம்புக்கு அது 30 கி.மீ. காற்று. எதிர்ப்பு இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு.

நமது பாதை தஞ்சாவூரிலிருந்து வடகிழக்காகப் போய்த் தென்மேற்காகத் திரும்புகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்கிலிருந்து காற்று பலமாக வீசும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது சும்மா சொன்னதல்ல. அந்த மாதங்களில் போகும்போது காற்று முதுகில் தள்ளும், "இன்று நன்றாக ஓட்டுகிறோமே" என்று நினைக்க வைக்கும். களைத்துத் திரும்பும்போது முகத்தில் அடிக்கும். கடைசி 23 கி.மீ.க்கு வேகம் 11 என்று வைத்துக் கணக்கிட்டால் 92 நிமிடம் 125 நிமிடமாகிவிடும். அந்தப் பருவத்தில் ஒருவழியாகக் கும்பகோணம் வரை போய் ரயிலில் திரும்புவது புத்திசாலித்தனம். சைக்கிளை ரயிலில் ஏற்றுவது பற்றி ஸ்டேஷனில் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

ஜனவரி, பிப்ரவரியில் இது தலைகீழ். காற்று வடகிழக்கிலிருந்து வரும். குளிர்ந்த காலையில், கால்களில் பலம் இருக்கும்போது எதிர்க்காற்று. திரும்பும்போது முதுகுக் காற்று. இந்தப் பாதைக்கு ஏற்ற மாதங்கள் இவைதான். 'விண்டி' என்ற தளத்தில் தஞ்சாவூரைத் தேடினால் அடுத்த சில நாட்களுக்குக் காற்றின் திசையும் வேகமும் மணிவாரியாகக் கிடைக்கும். கிளம்பும் முதல் நாள் இரவு ஒருமுறை பாருங்கள்.

ஜனவரியில் தஞ்சாவூரில் சூரியன் உதிப்பது சுமார் 6.35-க்கு. எனவே 6:30-க்கு முன் கிளம்ப நினைத்தால் சைக்கிளுக்கு முன்னும் பின்னும் விளக்கு வேண்டும்.

மேப்பில் தெரியாதவை

சில விஷயங்களை எந்த சாப்ட்வேரும் காட்டாது. அவற்றை ஜி காலத்தில் குறிப்பாக எழுதிக்கொள்ளுங்கள்.

* தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும்போது வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளைக் கடக்கிறோம். பாலங்களை எண்ணிக்கொண்டே போனால் போனைப் பார்க்காமலே எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துவிடும். பாலத்தில் பின்னால் பஸ் வந்தால் முந்த விட்டு, பிறகு ஏறுங்கள்.

* தை, மாசியில் சம்பா அறுவடை. கிராமச் சாலைகளில் நெல்லும் வைக்கோலும் காயப் போட்டிருப்பார்கள். வைக்கோல் சைக்கிள் செயினில் சுற்றிக்கொள்ளும். நெல்லின் மேல் பிரேக் பிடித்தால் வழுக்கும். அது ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பு என்பதால் அதன் மேல் ஏற்றாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதுதான் மரியாதை. இதற்காக அட்டவணையில் 15 நிமிடம் சேர்த்துக்கொள்ளலாம்.

* திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை ஜனவரி அல்லது பிப்ரவரியில் வரும். அந்த நாட்களில் ஊருக்குள் கூட்டம் அதிகம். தேதியைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

* தண்ணீர்: மணிக்கு அரை லிட்டராவது வேண்டும். திருவையாறு, பாபநாசம் இரண்டும் பெரிய ஊர்கள், பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம். டிபனுக்குத் திருவையாறு. அசோகா அல்வாவை ருசி பாருங்கள், வயிறு முட்ட வேண்டாம். இன்னும் 54 கி.மீ. பாக்கி இருக்கிறது.

படி 6: போனுக்கு மாற்றுங்கள்

பிரௌட்டரில் 'எக்ஸ்போர்ட்' கிளிக் செய்து 'ஜிபிஎக்ஸ்' வடிவத்தில் சேமியுங்கள். இது வெறும் டெக்ஸ்ட் பைல்தான். நோட்பேடில் திறந்தால் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் வரிசையாக இருப்பதைப் பார்க்கலாம். இதை போனுக்கு அனுப்பி, 'ஆஸ்மாண்ட்' அல்லது 'ஆர்கானிக் மேப்ஸ்' அப்ளிகேஷனில் திறந்தால் பாதை கோடாகத் தெரியும்.

முன்கூட்டியே தமிழ்நாடு வரைபடத்தை வைஃபையில் டவுன்லோட் செய்துகொள்வது அவசியம். ஜிபிஎஸ் என்பது செயற்கைக்கோள் சிக்னலைக் கேட்பது மட்டுமே. அதற்கு டேட்டாவோ டவரோ தேவையில்லை. வரைபடம் போனிலேயே இருந்துவிட்டால், டவர் கிடைக்காத வயல் நடுவிலும் நீங்கள் நிற்கும் இடம் தெரியும். திரை எப்போதும் எரிந்தால்தான் பேட்டரி சீக்கிரம் தீரும். திருப்பங்களில் மட்டும் எடுத்துப் பாருங்கள்.

படி 7: இரண்டு பிரின்ட் எடுங்கள்

அட்டவணையில் கடைசியாக ஒரு வரி சேருங்கள்: "பாபநாசத்தில் 10.30-ஐத் தாண்டிவிட்டால் திருக்கருகாவூர் இல்லை." அதாவது தாமதமாகிவிட்டால் சுற்றுப் பாதையை விட்டுவிட்டு, குறைந்த தூரமுள்ள நேர் சாலையில் இடதுபுறமாக நிதானமாகத் திரும்புவது, அல்லது பாபநாசம் ரயில் நிலையத்தில் விசாரிப்பது. இந்த முடிவை முதல் நாளே எழுதிவைக்க வேண்டும். களைப்பிலும் உற்சாகத்திலும் இருக்கும்போது யாரும் சரியாகக் கணக்குப் போடுவதில்லை. கூட வந்தவர்கள் "இன்னும் கொஞ்சம்தானே" என்று சொல்வார்கள். தாளில் 10.30 என்று இருந்தால் வாக்குவாதம் இல்லை.

ஒரு பிரின்ட் உங்கள் சட்டைப் பையில். இன்னொன்று வீட்டில், பிரிட்ஜ் கதவிலோ காலண்டர் பக்கத்திலோ. பாபநாசத்திலிருந்து ஒரு போன் செய்வதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். 9.38-க்கு வர வேண்டிய போன் 10.15 வரை வராவிட்டால் வீட்டில் இருப்பவர்களே கூப்பிடுவார்கள். போன் எடுக்கப்படாவிட்டால் எந்த இரண்டு ஊர்களுக்கு நடுவில் தேட வேண்டும் என்பதும் அந்தத் தாளிலேயே இருக்கிறது. பைக்கில் யாரையாவது அனுப்ப இது போதும்.

திரும்பி வந்ததும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. அட்டவணையில் இன்னொரு காலம் சேர்த்து, உண்மையில் சேர்ந்த நேரங்களை எழுதி வையுங்கள். அடுத்த பயணத்துக்கு எச்1 செல்லில் போட வேண்டிய எண் அதிலிருந்தே கிடைத்துவிடும்.